45 வாட் பெட்டியும் மூன்று இரவுகளும்

வீட்டில் ஓடுகிற சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். காரில் எடுத்துப்போகிற சின்ன ஃபிரிட்ஜின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள், பெரும்பாலும் 45 வாட் என்றுதான் போட்டிருக்கும். ஃபேனைவிடக் குறைவாக மின்சாரம் கேட்கிற இந்தப் பெட்டியை இரவு ஒன்பது மணிக்குக் கார் பேட்டரியில் மாட்டிவிட்டுத் தூங்கினால், விடியும்போது பேட்டரி தீர்ந்துபோகிறது. வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. ஏன்? அதே பெட்டி, அதே அளவு பேட்டரி, பக்கத்துக் கூடாரத்துக்காரருக்கு மட்டும் மறுநாள் சாயங்காலம் வரை தாங்குகிறதே, அது எப்படி?

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய், தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுச் சில நாள் தங்குவது திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். 1988இல் அறிவிக்கப்பட்ட இதுதான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். நினைத்த நாளில் போய்க் கூடாரம் அடிக்க முடியாது. திருவிழாவையொட்டி, வனத்துறை விடும் நாட்களில், விடும் இடத்தில்தான் தங்கலாம். மேலே தேங்கும் தண்ணீரில் பாபநாசம் மின்நிலையம் 1944 முதல் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் மரத்தடியில் தார்ப்பாய் கட்டித் தங்குகிற குடும்பத்துக்கு ஒரு பிளக் பாயிண்ட் கிடையாது. பால், தயிர், இட்லி மாவு, கிடா வெட்டினால் மிஞ்சும் கறி, சர்க்கரை நோய் உள்ள ஆச்சிக்கு இன்சுலின் என்று எல்லாவற்றையும் மூன்று இரவு கெடாமல் காக்க வேண்டும். மின்கம்பி இல்லாத இடத்தில் குளிரை எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சோதனைக்களம் நமக்குத் தேவையில்லை.

குளிரை யாரும் செய்வதில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற வெப்பத்தை எடுத்து வெளியே போடுகிறது, அவ்வளவுதான். வீட்டு ஃபிரிட்ஜின் பக்கவாட்டிலோ பின்னாலோ கை வைத்தால் சுடுகிறதல்லவா? பாலிலிருந்தும் தக்காளியிலிருந்தும் எடுத்த வெப்பம்தான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த வேலையைச் செய்வது ஒரு குழாய்க்குள் சுற்றிவரும் வாயு. கம்ப்ரசர் அதை அழுத்தும்போது சூடாகிறது. வெளிப்புறக் குழாயில் ஓடும்போது அந்தச் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு நீர்மமாகிறது. பிறகு ஒரு நுண்ணிய துளை வழியாக உட்புறக் குழாய்க்குள் விடுபட்டதும், சட்டென்று ஆவியாகிக் குளிர்ந்து, பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. மறுபடி கம்ப்ரசர். இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒருமுறை எடுத்து வெளியே போட்டுவிட்டால் ஏன் வேலை முடிவதில்லை? சுவர் வழியாக வெப்பம் திரும்ப உள்ளே வந்துகொண்டே இருப்பதால். ஓட்டைத் தோணியில் உட்கார்ந்து தண்ணீர் இறைப்பதோடு இதை ஒப்பிடலாம். இறைப்பவனுக்கு நாள் முழுவதும் எவ்வளவு வேலை என்பதை ஓட்டையின் அளவுதான் முடிவு செய்கிறது, அவனுடைய கைவலு முடிவு செய்வதில்லை. சீட்டில் போட்டிருக்கும் 45 வாட் என்பது அந்தக் கைவலு. ஓட்டையின் அளவு எந்தச் சீட்டிலும் இருப்பதில்லை. நாம்தான் கணக்கிட வேண்டும். அதை இந்த அத்தியாயத்தில் வெப்பக் கசிவு என்று சொல்வோம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படும். ஒரு பங்கு மின்சாரத்தைச் செலவழித்து எத்தனை பங்கு வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது என்பதைப் பெயர்ப்பு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். சின்னக் கம்ப்ரசர் பெட்டிகளில் இது ஏறத்தாழ ஒன்றரை. அதாவது 45 வாட் மின்சாரம் 67 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும். கொடுத்ததைவிட அதிகம் கிடைக்கிறதே என்று மலைக்க வேண்டாம். வெப்பத்தை இடம் மாற்றுகிறோம், புதிதாக உருவாக்கவில்லை.

கடையில் கிடைக்கும் மூன்று சாதிகள்

எடுத்துப்போகும் குளிர்பெட்டி என்ற பெயரில் விற்பவற்றில் மலிவானது கம்ப்ரசரே இல்லாதது. இரண்டு வகைப் பொருள்களை இணைத்து மின்சாரம் செலுத்தினால் இணைப்பின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும் என்று 1834இல் பிரான்சு நாட்டின் ழான் பெல்த்தியே கண்டார். அந்த விளைவில் இயங்குகிற பெட்டி இது. அசையும் பாகம் ஒரு சின்ன ஃபேன் மட்டுமே. எடை குறைவு, ரிப்பேர் குறைவு. கோத்ரெஜ் நிறுவனம் 2010ஐ ஒட்டி, ஃபிரிட்ஜ் வாங்க முடியாத குடும்பங்களுக்காக சோட்டுகூல் என்று கொண்டுவந்த மேல்மூடிப் பெட்டியும் இந்த வகைதான். 12 வோல்ட்டில் ஓடும். காய்கறியையும் தண்ணீரையும் சில்லென்று வைக்கும்.

இதன் கோளாறு பெயர்ப்பு மடங்கில் இருக்கிறது. ஒன்றரைக்குப் பதில் அரைக்கும் கீழே. 20 வாட் வெப்பத்தை வெளியேற்ற 50 வாட் மின்சாரம் கேட்கும், அதுவும் ஒரு நிமிடம் ஓயாமல். வெளியே இருக்கும் சூட்டிலிருந்து 15, 20 டிகிரி குறைப்பதோடு மலிவான பெட்டிகளின் சக்தி முடிந்துவிடும். மதியம் 32 டிகிரி என்றால் உள்ளே 12க்குக் கீழே இறங்குவது கடினம். ஓடுகிற காரில் சோடா குளிர வைக்கச் சரி. மூன்று நாள் பாலுக்கும் மருந்துக்கும் இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பணத்தை மிச்சப்படுத்திய மகிழ்ச்சி இரண்டாம் நாள் காலையில் பாலோடு சேர்ந்து திரிந்துபோகும்.

இரண்டாவது, நெருப்பால் குளிரவைப்பது. ஸ்வீடனில் 1922இல் மாணவர்களாக இருந்த பிளாட்டென், முன்டெர்ஸ் என்ற இருவர், அம்மோனியாவைத் தண்ணீரில் கரைத்தும் சூடாக்கிப் பிரித்தும் கம்ப்ரசர் இல்லாமல் வெப்பத்தைப் பெயர்க்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். மண்ணெண்ணெய் விளக்கிலோ கேஸிலோ ஓடுகிற ஃபிரிட்ஜ் அப்படித்தான் வந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களின் மருத்துவ நிலையங்களில் தடுப்பூசியைக் காத்த பெருமை இதற்கு உண்டு. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் சமதளத்தில் வைத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும், நாள் முழுவதும் சுடர் எரிய வேண்டும். புலிகள் காப்பகத்தில் சருகுத் தரைமேல் அதை வைக்கும் பேச்சே வேண்டாம்.

மிச்சமிருப்பது 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் கம்ப்ரசர் பெட்டி. இனி பேசப்போவது இதைப் பற்றித்தான்.

பாளையங்கோட்டைக் குடும்பம் ஒன்றின் கணக்கு

ஆச்சியோடு சேர்த்து ஆறு பேர் உள்ள ஒரு குடும்பம். 40 லிட்டர் பெட்டி. காரையாற்றில் மூன்று இரவு, அதாவது 72 மணி நேரம். பெட்டிக்குள் 4 டிகிரி வேண்டும். ஆடி மாதம் தார்ப்பாய் நிழலில் பகலும் இரவும் சேர்த்துச் சராசரி 29 டிகிரி என்று எடுத்துக்கொள்வோம். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 25 டிகிரி.

நாலு சென்டிமீட்டர் கனமுள்ள நல்ல நுரைச்சுவர், இறுக்கமான மூடி என்றால், இந்த அளவுப் பெட்டியில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.8 வாட் வெப்பம் கசியும். 25 டிகிரிக்கு 20 வாட். ஒரு நாளுக்கு 20ஐ 24ஆல் பெருக்கினால் 480 வாட்-மணி வெப்பம். (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு வாட்-மணி. ஆயிரம் வாட்-மணிதான் மின்கட்டணத்தில் நாம் சொல்கிற ஒரு யூனிட்.) ஒன்றரைப் பெயர்ப்பு மடங்கால் வகுத்தால் நாளுக்கு 320 வாட்-மணி மின்சாரம். யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கம்ப்ரசர் ஓடுவது 24 மணி நேரத்தில் ஏழு மணி நேரம்தான். மீதி நேரம் சும்மா இருக்கும்.

இந்தக் கணக்கில் நாம் மாற்றக்கூடியவை இரண்டு: சுவரின் தரம், வெளியே இருக்கும் சூடு. இதே பெட்டியை வெயிலில் நிற்கும் காருக்குள் பூட்டிவைத்தால் சுற்றிலும் 50 டிகிரி வந்துவிடும். வித்தியாசம் 46. கசிவு ஏறத்தாழ இரட்டிப்பு. போதாததற்கு, சூடான காற்றுக்குள் வெப்பத்தைத் தள்ளக் கம்ப்ரசர் அதிகம் திணறும் என்பதால் பெயர்ப்பு மடங்கும் விழும். சிலர் பெட்டியை ஃப்ரீசராக மாற்றி 18 டிகிரி உறைநிலைக்குக் கீழே வைக்க ஆசைப்படுகிறார்கள். வித்தியாசம் 47 ஆகிவிடுகிறது. மின்செலவு மூன்று மடங்கை நெருங்கும். ஐஸ்க்ரீமுக்காகப் பேட்டரியைக் கொடுக்க வேண்டுமா என்பதை அவரவர் முடிவு செய்யலாம்.

கடையில் வாங்கும்போது சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு பத்து ரூபாய் நோட்டை மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்து மூடி, நோட்டை இழுத்துப் பாருங்கள். பிடித்து நிற்க வேண்டும். நாலு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு மூலையில் நோட்டு சுலபமாக வழுக்கி வந்தால் அந்த மூலையில் ரப்பர் பட்டை சரியாக உட்காரவில்லை. காரையாற்றின் ஈரக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

முதல் இரவில் என்ன நடக்கிறது

நாளுக்கு 320 வாட்-மணிதான் என்றால், பேட்டரி ஏன் விடியற்காலையில் தீர்கிறது?

சின்னக் கார்களின் பேட்டரி 45 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டோடு பெருக்கி 540 வாட்-மணி. இது ஈய-அமிலப் பேட்டரி. முழுவதையும் உறிஞ்சினால் சீக்கிரம் பாழாகும். பாதிக்கு மேல் எடுத்தால் காலையில் எஞ்சினைச் சுழற்ற வலு இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே கையில் இருப்பது 270 வாட்-மணி.

முதல் கூடாரத்துக்காரர் வந்து இறங்கியதும் பத்துப் பாட்டில் குடிநீரைப் பெட்டிக்குள் அடுக்கினார். ஒவ்வொன்றும் ஒரு லிட்டர், எல்லாம் 30 டிகிரிச் சூட்டில். பத்து லிட்டர் தண்ணீரை 30லிருந்து 4 டிகிரிக்கு இறக்க 300 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். பெட்டியால் தள்ள முடிவது 67 வாட். அதில் 20 வாட் கசிவுக்கே போய்விடும். மீதி 47 வாட்தான் பாட்டில்களைக் குளிரவைக்கிறது. 300ஐ 47ஆல் வகுத்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல். அந்த ஆறு மணி நேரமும் கம்ப்ரசர் நிற்காமல் 45 வாட் உறிஞ்சும். ஆறு நாற்பத்தைந்து 270. இரவு ஒன்பதுக்கு மாட்டினால் விடியற்காலை மூன்று மணிக்குக் கதை முடிந்தது.

பக்கத்துக் கூடாரத்துக்காரர் முதல் நாளே வீட்டு மின்சாரத்தில் பெட்டியை ஓடவிட்டு, பாட்டில்களையும் வீட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்து எடுத்து வந்தார். அவருக்குக் கசிவை மட்டும் ஈடுகட்டினால் போதும். சராசரி 13 வாட். அதே 270 வாட்-மணி இருபது மணி நேரம் வருகிறது. இரவு ஒன்பதிலிருந்து மறுநாள் மாலை ஐந்து வரை.

அடிக்கடி மூடியைத் திறக்காதே என்று வீட்டில் பிள்ளைகளைத் திட்டுகிறோமே, அது எவ்வளவு முக்கியம்? இதையும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுவதும் மாறுவதாகவும், புது ஈரக்காற்றிலிருந்து நீர்த்துளி படிவதாகவும் வைத்தாலும், ஒரு திறப்புக்கு முக்கால் வாட்-மணி வெப்பத்துக்குள்தான் வருகிறது. ஒரு நாளில் முப்பது முறை திறந்தாலும் 15 வாட்-மணி மின்சாரம். காற்றுக்கு எடையே இல்லை, அதனால் வெப்பத்தைச் சுமக்கும் சக்தியும் இல்லை என்றே சொல்லலாம். மேலே திறக்கும் பெட்டியில் குளிர்ந்த காற்று கனமாக உள்ளேயே கிடக்கும் என்பதால் செலவு இன்னும் குறையும். ஒருவர் வெதுவெதுப்பான ஒரு லிட்டர் பாட்டிலை உள்ளே வைப்பது, மூடியை நாற்பது முறை திறப்பதற்குச் சமம். பிள்ளைகள் திறக்கட்டும். என்ன உள்ளே போகிறது என்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

கறிச்சட்டியை முதலில் ஆற்றில் வையுங்கள்

இரண்டாம் நாள் கிடா வெட்டு. சமைத்துப் பரிமாறி மிஞ்சியது மூன்று கிலோ கறிக்குழம்பு. சட்டியோடு 70 டிகிரிச் சூடு. இதை அப்படியே பெட்டிக்குள் வைத்தால் ஏறத்தாழ 200 வாட்-மணி வெப்பம் உள்ளே போகிறது. ஒரு நாள் கசிவில் ஐந்தில் இரண்டு பங்கு. மின்செலவைவிடப் பெரிய ஆபத்து, அந்தச் சூடு பக்கத்தில் இருக்கும் பாலையும் மருந்தையும் பல மணி நேரம் சூடாக்கிவிடும் என்பது.

வாசலிலேயே தாமிரபரணி ஓடுகிறது. மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் குழம்பை ஊற்றி, ஓடுகிற தண்ணீரில் கழுத்தளவு நிற்கும்படி கல் வைத்து நிறுத்தி, இடையிடையே கிளறிக்கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் 27, 28 டிகிரிக்கு வந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தை ஆறே வாங்கிக்கொண்டது. பெட்டிக்கு மிச்சம் 70 வாட்-மணி. அசையாத காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தைப் பல மடங்கு வேகமாக இழுக்கும். அதிலும் ஓடுகிற தண்ணீர் சூடான படலத்தை நிமிடத்துக்கு நிமிடம் துடைத்துக்கொண்டு போகும். சமைத்த உணவை நுண்ணுயிர் பெருகும் வெப்பநிலையில் நெடுநேரம் விடக்கூடாது என்பதால் இந்த வேகம் உடலுக்கும் நல்லது. தூக்கின் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அங்கே குரங்குகளுக்குக் கறி வாசம் தெரியும்.

பேட்டரி, இன்வெர்ட்டர், வயர்

மூன்று நாளுக்கு 960 வாட்-மணி, கறிக்கும் திறப்புகளுக்குமாக இன்னொரு 100. இதற்கு எந்தப் பேட்டரி?

வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கழற்றி எடுத்துப்போவதைப் பற்றிச் சிலர் யோசிப்பார்கள். பாதி எடுத்தால் 900 வாட்-மணி கிடைக்கும். ஆனால் எடை 50 கிலோவுக்கு மேல், உள்ளே அமிலம். காட்டுப்பாதையில் சாய்ந்தால் வழியும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 100 ஆம்பியர்-மணியில் 1280 வாட்-மணி தரும். அதில் 85 சதவீதம் வரை பயமில்லாமல் எடுக்கலாம், அதாவது 1090. எடை 11, 12 கிலோதான். மூன்று நாள் தேவைக்கு மட்டுமட்டாகப் பொருந்துகிறது. விலை அதிகம். ஆனாலும் இருமடங்குக்கு மேல் ஆயுளும், தூக்கிப்போகும் வசதியும் பார்த்தால் இதுதான் சரி என்பது என் முடிவு.

பேட்டரியிலிருந்து வீட்டு இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட் எடுத்து, அதை மறுபடி ஃபிரிட்ஜின் அடாப்டர் வழியாக 12 வோல்ட் ஆக்குவது பரவலாக நடக்கும் வீண் வேலை. மாற்றத்தில் போகும் இழப்பு ஒருபுறம் இருக்கட்டும். எதுவும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் விழித்திருக்கவே பத்து வாட் போலக் குடிக்கும். நாளுக்கு 240 வாட்-மணி. ஃபிரிட்ஜ் மொத்தமும் குடிப்பது 320 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட்டையே நேராகக் கொடுக்க வேண்டும்.

நேராகக் கொடுக்கும்போது வயர் முக்கியம். பேட்டரி முழுதாக இருக்கிறது, மீட்டரில் 12.6 காட்டுகிறது, ஆனால் ஃபிரிட்ஜ் பேட்டரி காலி என்று சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடுகிறது. இந்தப் புதிரின் காரணம் பெரும்பாலும் ஸ்பீக்கருக்குப் போடுகிற மெல்லிய வயர். ஐந்து மீட்டர் தூரத்துக்கு அரைச் சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், 4 ஆம்பியர் ஓடும்போது போகவர சுமார் 1.4 வோல்ட் வயரிலேயே தொலைந்துவிடும். ஃபிரிட்ஜை அடைவது 11.2. பேட்டரியைக் காப்பதற்காக அதற்குள் இருக்கும் கட்-ஆஃப், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நம்பி நிறுத்திவிடுகிறது. ஓடும்போது வயரைத் தொட்டால் வெதுவெதுப்பு தெரியும். நாலு சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் கட்டாயம் போட வேண்டும். வயர் எங்காவது நசுங்கி ஷார்ட் ஆனால் சருகும் தார்ப்பாயும் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ்தான்.

ஆடியில் சூரியன் கைகொடுக்குமா?

பாளையங்கோட்டையில் ஆடி மாதம் வானம் அனேகமாக வெளுத்துத்தான் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலையின் மறுபக்கத்திலும் உச்சியிலும் இறக்கிவிட்டு வெறுங்கையோடு சமவெளிக்கு வருகிறது. காற்று அடிக்கும், மழை இருக்காது. மொட்டைமாடியில் 100 வாட் சோலார் பேனல் வைத்தால் நல்ல நாளில் 400 வாட்-மணி வரை எடுக்கலாம். ஃபிரிட்ஜுக்கு வேண்டியதைவிட அதிகம்.

அதை நம்பிக் காரையாறு போனால் ஏமாற்றம்தான். மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் மேகமும் சாரலும். தலைக்கு மேல் மருதமரக் கிளைகள். முழு வெயில் ஒரு மணி நேரம் அடித்ததற்கு ஈடான வெளிச்சம் பேனலில் விழுந்தாலே பெரிது. 80 வாட்-மணி, நாள் தேவையில் கால் பங்கு. நிழல் செய்யும் கெடுதல் அதன் அளவைவிடப் பெரியது. பேனலில் இருக்கும் சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால், ஒரு சில்லை மட்டும் ஒரு பெரிய இலை மூடினால் அந்த வரிசையின் மின்னோட்டம் முழுவதும் அடைபடும். பங்குனி வெயிலில் வெட்டவெளியில் தங்குபவருக்குப் பேனல் வரம். ஆடியில் காட்டுக்குள் அது சுமை.

ஜெனரேட்டரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. காப்பகத்துக்குள் மூன்று நாள் தங்க இடம் கொடுத்த காட்டுக்கு இரவு முழுவதும் அந்த உறுமலைக் கொடுப்பது நியாயமில்லை.

பனிக்கட்டியும் ஒரு பேட்டரிதான்

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு வருகிற மீன் எந்தக் கம்ப்ரசரிலும் வருவதில்லை. ஐஸும் பெட்டியும்தான். ஒரு கிலோ பனிக்கட்டி, 0 டிகிரியிலேயே நின்றபடி, உருகித் தண்ணீராக மட்டும் 93 வாட்-மணி வெப்பத்தைக் குடிக்கும். இதை உருகுவெப்பம் என்பார்கள். நம் பெட்டியின் ஒரு நாள் கசிவு 480. அதை விழுங்க ஐந்து கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ் போதும்.

இதிலிருந்து என்ன கிடைக்கிறது பாருங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ஐந்து ஒரு லிட்டர் பாட்டில்களில் முக்கால் அளவுக்குச் சற்று மேல் தண்ணீர் நிரப்பி (உறையும்போது விரிய இடம் வேண்டும்) வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். கிளம்பும்போது அவற்றை ஃபிரிட்ஜின் அடியில் போட்டால், முதல் நாள் முழுவதும் கம்ப்ரசருக்கு வேலையே இராது என்று சொல்லிவிடலாம். ஏறத்தாழ 250, 300 வாட்-மணி மின்சாரம் மிச்சம். 100 ஆம்பியர்-மணிக்குப் பதில் 80 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியே அநேகமாக மூன்று நாளைச் சமாளிக்கும். உருகியதைக் குடிக்கலாம். வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்குள் அடைப்பதோடு பாட்டிலுக்குள்ளும் அடைத்து எடுத்துப்போகிறோம், இரண்டாவதற்குச் செலவே இல்லை.

உறைந்தால் கெடும் மருந்து

ஆச்சியின் இன்சுலின் இந்தப் பெட்டியில் மிக விலைமதிப்புள்ள பொருள். திறக்காத குப்பி 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெப்பத்தைவிட உறைநிலை அதற்குப் பெரிய எதிரி. ஒருமுறை உறைந்துவிட்டால், பிறகு உருகிப் பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் தூர எறிந்துவிட வேண்டியதுதான். அடியில் பனிப்பாட்டில் இருக்கிற பெட்டியில், கம்ப்ரசர் பெட்டியின் குளிர்ச்சுவரை ஒட்டி, குப்பியை வைக்கக் கூடாது. மேல்தட்டில், தடித்த துணியில் சுற்றிய டப்பாவுக்குள் வைத்து, அதோடு ஒரு சின்ன வெப்பமானியும் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் முகப்பில் ஒளிரும் எண், சென்சார் இருக்கும் மூலையின் வெப்பநிலையைத்தான் சொல்லும். மருந்தின் வெப்பநிலையைச் சொல்லாது.

மலைக் குடியிருப்புகளுக்குத் தடுப்பூசி கொண்டுபோகும் செவிலியர்களிடம் இதற்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேராகத் தடுப்பூசிப் பெட்டியில் வைப்பதில்லை. மேஜைமேல் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். மேற்பரப்பு வியர்க்கும். பிறகு காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் சளசளவென்று அசையும் சத்தம் கேட்டால், பனி உருகத் தொடங்கிவிட்டது, பேக் 0 டிகிரிக்கு வந்துவிட்டது, இனி அது மருந்தை உறைய வைக்காது என்று பொருள். அதுவரை அது 0க்குப் பல டிகிரி கீழே இருந்திருக்கும். ஆச்சியின் குப்பிக்குப் பக்கத்தில் வைக்கும் எந்தப் பனிப்பாட்டிலுக்கும் இந்தச் சோதனை வேண்டும்.

தினமும் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் குப்பியை ஃபிரிட்ஜில் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான வகைகள் 25, 30 டிகிரி வரை சுமார் நாலு வாரம் தாங்கும். எத்தனை நாள் என்பது குப்பியோடு வரும் தாளில் இருக்கும். மூன்று நாள் பயணத்துக்கு ஒரு குப்பியே போதும் என்றால், அதற்கு வெயில் படாத, வெந்துபோகாத இடம் கிடைத்தாலே போதும்.

காருகுறிச்சிப் பானையின் எல்லை

அந்த இடத்துக்குப் பானை போதாதா? போகிற வழியில், சேரன்மகாதேவியைத் தாண்டினால் காருகுறிச்சி. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். பானையின் நுண்துளைகளில் கசிந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பேட்டரி வேண்டாம், வயர் வேண்டாம்.

ஆனால் எவ்வளவு ஆவியாகும் என்பதைக் காற்றின் ஈரம் தீர்மானிக்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி எந்த அளவுக்கு இறங்குமோ அதற்குக் கீழே எந்தப் பானையும் இறங்காது. அதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். சித்திரையில் பாளையங்கோட்டையில் 38 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 35 சதவீதம் என்றால் அந்த எல்லை 26 டிகிரி. பானைத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கும்போது கிடைக்கும் சுகம் அந்த 12 டிகிரி வித்தியாசம். ஆடிச் சாரலில் காரையாற்றில் 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் எல்லை 25 டிகிரிக்குச் சற்றுக் கீழே. பானை ஒரு டிகிரிதான் குளிரும். பாலைக் காக்க அது உதவாது. நடப்பிலுள்ள இன்சுலின் குப்பிக்கு உதவும், ஏனென்றால் அங்கே தேவை 30 டிகிரிக்குக் கீழே, மதிய வெக்கையிலும் ஏறாமல் இருப்பது. ஈரம் படாமல் ஒரு சின்ன மூடிய டப்பாவில் வைத்து, பானைக்குள் இறக்கி, நிழலில் வைத்துவிடலாம்.

பேருந்தில் போகிறவர்களுக்கு

இத்தனையும் காரைக் கரைவரை கொண்டுபோக முடிந்தால்தான். திருவிழா நாட்களில் தனியார் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அகஸ்தியர்பட்டியில் வண்டியை விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் மேலே போக நேரும். அப்போது பெட்டி 13 கிலோ, பேட்டரி 12 கிலோ, உள்ளே சரக்கு 20 கிலோ என்று தூக்கிக்கொண்டு கூட்டத்தில் ஏற முடியாது. அமாவாசைக்கு மட்டும் ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை. கனமான நுரைச்சுவருள்ள 20 லிட்டர் ஐஸ் பெட்டி ஒன்று, வீட்டில் உறையவைத்த நாலு பாட்டில், ஏற்கெனவே குளிர்ந்த பாலும் தயிரும், இவை இருந்தால் ஒன்றரை நாளுக்குப் பக்கம் ஓடும். அந்தப் பெட்டி தெர்மாகோலாக இருக்க வேண்டாம். உடைந்தால் அதன் வெள்ளை மணிகள் ஆற்றோடு போய்விடும், பொறுக்கி எடுக்க வழியில்லை. மாவைக் கொண்டுபோவதானால் புளிக்காத மாவாக, அன்று காலையில் ஆட்டியதாக, பாட்டில்களுக்கு நடுவில் வைத்து எடுத்துப்போங்கள். மறுநாள் காலை இட்லி ஊற்றுவதற்கு முந்தின இரவு எட்டு மணிக்கு வெளியே எடுத்து வைத்தால் பொங்குவதற்கு நேரம் சரியாக இருக்கும்.